இறக்கத்தில் 60 வைத்தால் 74 போகிறது: குரூஸ் கொன்ட்ரோல் பிழையா, என் விளக்கம் பிழையா?

படுவான்கரைப் பொடியன் | சனி, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். மூன்று மாதத்துக்கு முன் ஜப்பானில் ஓடிய பழைய பெற்றோல் கார் ஒன்று வாங்கினேன். ஓட்டோ கியர். கொக்கட்டிச்சோலையில் இருந்து மண்முனைப் பாலத்தால் மட்டக்களப்புக்கு வேலைக்குப் போய்வரத்தான். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வலப்பக்கம் கீழே ஒரு சின்னத் தடி நீட்டிக்கொண்டு இருக்கும். வைப்பருக்கு உரியது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு கிழமைக்கு முன் பதுளை போய் லுணுகலை, பிபிலை வழியாகத் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்த மச்சான்தான் சொன்னான், அது குரூஸ் கொன்ட்ரோல் என்று. எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தாலும் வைத்த வேகத்தில் காரை ஓட்டுமாம். பிபிலை தாண்டினால் ரோட்டில் ஆளில்லை. முனையை அமத்தினேன், டாஷ்போர்ட்டில் பச்சை லைட் வந்தது. 60 இல் வைத்துத் தடியைக் கீழே தட்டிவிட்டுக் காலை எடுத்தேன். ஏற்றத்தில் என்ஜின் தானாகச் சத்தம் கூட்டி ஏறியது. பேய் ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஆனால் அடுத்த இறக்கத்தில் முள் 74 க்குப் போய்விட்டது! பயந்து பிரேக் பிடித்தேன், குரூஸ் விட்டுவிட்டது.

கேள்வி இரண்டு. 60 வைத்தால் 74 போவது பிழைதானே? அடுத்தது, இந்தக் கிழமை அது வேலையே செய்யவில்லை. பச்சை லைட் வருகிறது, தடியைத் தட்டினால் பிடிப்பதில்லை. இதற்கிடையில் பற்றரியும் இரண்டு நாள் காலையில் இறங்கிக் கிடந்தது. பற்றரி பழசு, அது வேறு கதை.

அக்கரைப்பற்றான் | சனி, இரவு 8.52

மச்சான், எங்கட ரோட்டில் குரூஸா? நிந்தவூரில் ஆடு, காரைதீவில் மாடு, அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும். களுவாஞ்சிக்குடிச் சந்தியில் குறுக்கே வருகிற சைக்கிள்காரன் உங்கள் குரூஸைக் கேட்டுவிட்டா வருவான்? காலால் ஓட்டுங்கள்.

கராச் காக்கா (சாய்ந்தமருது) | சனி, இரவு 10.15

தம்பி, முதல் கேள்விக்கு இப்பவே பதில் சொல்லலாம். பிழை இல்லை. இரண்டாவதற்கு நான் உங்களிடம் சில கேள்வி கேட்க வேண்டும், அதைக் கடைசியில் கேட்கிறேன்.

சாதாரண குரூஸுக்கு ரோடு தெரியாது, மாடு தெரியாது, இறக்கம் ஏற்றம் எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இரண்டு எண். நீங்கள் வைத்த வேகம் ஒன்று, இப்போது ஓடுகிற வேகம் ஒன்று. ஓடுகிற வேகத்தைக் கியர்பொக்ஸில் இருக்கும் சென்சரோ, ஏபிஎஸ்ஸுக்காக (பிரேக் பிடிக்கும்போது சில்லு இறுகிச் சறுக்காமல் பார்க்கிற சிஸ்டம்) சில்லுகளில் வைத்திருக்கும் சென்சர்களோ சொல்லும். குறைந்தால் துரொட்டிலை, அதாவது என்ஜினுக்குள் காற்றை விடுகிற கதவைத் திற, கூடினால் மூடு. ஒரு செக்கனுக்குள் பல தடவை இதே வேலை.

உங்கள் 74 இங்கேதான் வருகிறது. இறக்கத்தில் அது துரொட்டிலை முழுவதும் மூடியிருக்கும். அதற்கு மேல் அதன் கையில் ஒன்றும் இல்லை. சாதாரண குரூஸ் பிரேக்கைத் தொடாது. கார் உருண்டது உங்கள் என்ஜினால் இல்லை, மலையால்.

பழைய வாகனங்களில் வெக்கியூமில் வேலை செய்கிற ஒரு டப்பா இருக்கும். அதில் இருந்து ஒரு கேபிள் போய்த் துரொட்டிலை இழுக்கும். அந்தக் காலத்தில் குரூஸ் பழுது என்று வந்தால் அனேகமாக ரப்பர் குழாய் வெடித்திருக்கும். இப்போது கேபிளே இல்லை. எக்ஸிலேட்டர் மிதியில் இருப்பது வெறும் சென்சர். நீங்கள் எவ்வளவு மிதித்தீர்கள் என்று அது கொம்பியூட்டருக்குச் சொல்லும், கொம்பியூட்டர் ஒரு சின்ன மோட்டாரால் துரொட்டிலைத் திறக்கும். மிதியில் இருந்து வருகிற கட்டளையைக் கேட்பதற்குப் பதிலாகத் தன் கணக்கையே கேட்டால் அதுதான் குரூஸ். அதனால்தான் சில ஜப்பான் கார்களுக்கு அந்தத் தடியை மட்டும் வாங்கிப் பூட்டினாலே குரூஸ் வந்துவிடுகிறது. வயரும் புரோகிராமும் ஏற்கெனவே உள்ளே இருக்கும், கொம்பனி தடியை மட்டும் போடாமல் விட்டிருக்கும். எல்லாக் காருக்கும் இது சரிவராது, வாங்க முதல் உங்கள் மொடலுக்குப் பார்க்க வேண்டும்.

இனி என் கேள்விகள். நீங்கள் தட்டிப் பார்த்தது எத்தனை கிலோமீற்றர் வேகத்தில்? அனேகமான கார்களில் 40 க்குக் கீழே பிடிக்காது. ஹோன் அடிக்கிறதா? எயார்பேக் லைட் எரிகிறதா? பின்னால் பிரேக் லைட் எப்படி இருக்கிறது? ஓடும்போது பின்னால் வருகிறவர்கள் யாராவது லைட் அடித்துக் காட்டினார்களா?

வெல்லாவெளி வயல்காரன் | ஞாயிறு, காலை 5.30

காக்கா சொன்னதை வாசித்துவிட்டுச் சிரித்தேன். இதில் என்ன புதினம்? எங்கள் வட்டையில் எல்லோரிடமும் குரூஸ் கொன்ட்ரோல் இருக்கிறது. அதன் பெயர் லேண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மெசின்.

லீவரை ஓர் இடத்தில் வைத்துவிட்டு உழுகிறோம். பதமான மண்ணில் போகும்போது ஒரு சத்தம். இறுகின இடத்தில் கலப்பை மாட்டினால் என்ஜின் ஒரு கணம் அமுங்கி, பிறகு தானாகக் கனத்த சத்தத்தோடு இழுக்கும். நான் லீவரைத் தொடவே இல்லை. உள்ளே கவர்னர் இருக்கிறது. சுழலும்போது விரிகிற இரண்டு குண்டு, அதை எதிர்த்துத் தள்ளுகிற ஒரு ஸ்பிரிங். சுற்று கூடினால் குண்டு விரிந்து டீசலைக் குறைக்கும். பாரம் வந்து சுற்று குறைந்தால் குண்டு ஒடுங்கும், ஸ்பிரிங் டீசலைக் கூட்டும். கொம்பியூட்டரும் இல்லை, வயரும் இல்லை.

மெசி உழவு மெசினிலும் கை லீவர் அப்படித்தான். பலர் அது டீசலை நேரே திறக்கிற லீவர் என்று நினைக்கிறார்கள். அது ஸ்பிரிங்கை இறுக்குகிற லீவர். "இத்தனை சுற்றில் நில்" என்று சொல்கிறோம், எவ்வளவு டீசல் வேண்டும் என்பதைக் கவர்னர் பார்த்துக்கொள்ளும். பெட்டி நிறைய நெல் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் கட்டில் ஏறினால் தெரியும்.

பல்சர் பொடியன் | ஞாயிறு, காலை 9.05

அண்ணன்மார், மோட்டார் சைக்கிளுக்கு எக்ஸிலேட்டர் பிடியில் மாட்டுகிற கிளிப் ஒன்று ஒன்லைனில் விற்கிறான். குரூஸ் கொன்ட்ரோல் என்று போட்டிருக்கிறது. கோமாரி - பொத்துவில் ரோட்டுக்கு வாங்கட்டுமா?

கராச் காக்கா | ஞாயிறு, காலை 9.20

வேண்டாம் தம்பி. அது வேகத்தைப் பிடிப்பதில்லை, பிடியைத்தான் பிடிக்கும். ஏற்றத்தில் வேகம் விழும், இறக்கத்தில் பறக்கும். பிரேக் பிடித்தாலும் கையால் திருப்பும்வரை விடாது.

ஒலுவில் மாணவி | ஞாயிறு, காலை 11.48

வயல்கார மாமா சொன்ன உதாரணத்தை எங்கள் விரிவுரையில் கேட்டிருந்தால் எனக்கு ஒரு செமஸ்டர் மிச்சம். ஒலுவிலில் பொறியியல் படிக்கிறேன், போன தவணைதான் இந்தப் பாடம்.

லேண்ட்மாஸ்டர் கவர்னருக்கும் கார் குரூஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. மாமா, நன்றாகக் கவனித்தால் பாரம் ஏறியிருக்கும்போது உங்கள் என்ஜின் பழைய சுற்றுக்கு முழுவதும் திரும்பாது. கொஞ்சம் குறைவாகவே நிற்கும். ஏனென்றால் குண்டு ஒடுங்கி இருந்தால்தான் கூடுதல் டீசல் போகும். அது முழுக்க விரிந்து பழைய இடத்துக்கு வந்துவிட்டால் டீசலும் பழைய அளவுக்குப் போய்விடும். குறை இருந்தால்தான் உதவி வரும் என்கிற நிலை.

காரில் இதை மட்டும் வைத்தால் 60 க்கு வைத்த கார் ஏற்றத்தில் 57 இல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இன்னொரு கணக்கையும் சேர்க்கிறார்கள். எவ்வளவு குறைகிறது என்பதோடு எவ்வளவு நேரமாகக் குறைகிறது என்பதையும் கூட்டிக்கொண்டே வருவது. கடைக் கொப்பியில் கடன் ஏறுகிற மாதிரி. 3 கிலோமீற்றர் குறை சின்னதுதான், ஆனால் பத்துச் செக்கன் தொடர்ந்தால் கொப்பியில் தொகை பெருகி, துரொட்டில் மேலும் திறக்கும். 60 ஐத் தொடும்வரை விடாது.

இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. ஏற்றம் முடிந்து உச்சியைத் தாண்டும்போது கொப்பியில் கடன் இன்னும் மிச்சம் இருக்கும். கார் தேவைக்கு மேல் தள்ளிவிட்டுத்தான் அடங்கும். அதைக் குறைக்க மூன்றாவது கணக்கு: வேகம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே கையை இழுப்பது. இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் பிஐடி என்கிறோம். ஆகவே படுவான்கரை அண்ணா, உங்கள் 74 இல் முதல் ஓரிரண்டு கிலோமீற்றர் இதனால் வந்திருக்கலாம். மிச்சம் காக்கா சொன்ன மலைதான்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1,200 கிலோ கார். 100 மீற்றருக்கு 5 மீற்றர் இறங்குகிற ரோடு என்றால் ஏறத்தாழ 60 கிலோ பாரம் காரை முன்னால் இழுக்கிற மாதிரி. 60 கிலோமீற்றர் வேகத்தில் டயர் உராய்வும் காற்றும் சேர்ந்து 25 கிலோ அளவுக்கு எதிர்த்துப் பிடிக்கும். மிச்சம் 35 கிலோ. என்ஜின் எதிர்த்துப் பிடிக்காவிட்டால் ஒவ்வொரு செக்கனும் ஒரு கிலோமீற்றர் வேகம் கூடும். என்ஜினும் கொஞ்சம் பிடிக்கும் என்பதால் அதைவிட மெதுவாகக் கூடும். 14 கிலோமீற்றர் கூட ஒரு நீள இறக்கம் காணும்.

வெல்லாவெளி வயல்காரன் | ஞாயிறு, பகல் 1.10

ஓம் பிள்ளை, சரிதான். பம்புக்குக் குழாய் பூட்டினால் சத்தம் ஒரு படி இறங்கித்தான் நிற்கும். முப்பது வருடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓய்வு மாஸ்டர் (கல்லாறு) | ஞாயிறு, மாலை 4.30

குண்டுக் கவர்னர் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். ஜேம்ஸ் வாட் நீராவி என்ஜினுக்கு அதைப் பூட்டியது 1788 இல். அதுவும் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, காற்றாலை மாவரைக்கும் இடங்களில் ஏற்கெனவே இருந்தது.

இன்றைய குரூஸைக் காருக்குக் கொண்டுவந்தவர் ரால்ப் டீட்டர் என்ற அமெரிக்கர். ஐந்து வயதில் நடந்த விபத்தில் பார்வை போனவர். படித்துப் பொறியியலாளராகி, பிஸ்டன் ரிங் செய்கிற கொம்பனியை நடத்தினார். அவருடைய வழக்கறிஞர் கார் ஓட்டும்போது கதைத்தால் வேகம் குறையும், கதையை நிறுத்தினால் கூடும். பக்கத்தில் இருந்த டீட்டருக்கு இந்த இழுவை பொறுக்கவில்லை. கண் தெரிந்தவர்கள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு கவனிக்காமல் விடுவதை அவர் உடம்பு கவனித்திருக்கிறது. 1950 இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அந்த முதல் வடிவம் காரைத் தானாக ஓட்டவில்லை. வைத்த வேகம் வந்ததும் எக்ஸிலேட்டர் மிதி காலை எதிர்த்துத் தள்ளும், அவ்வளவுதான். 1958 இல் கிறைஸ்லர் கொம்பனி தன் கார்களில் இதைப் பூட்டி விற்றது. குரூஸ் கொன்ட்ரோல் என்ற பெயர் கடிலாக் வைத்தது.

என் மருமகனும் அந்த வழக்கறிஞர் மாதிரித்தான் ஓட்டுவார். கல்லாறில் இருந்து கல்முனைக்குள் எனக்குத் தலை சுற்றும்.

தோஹா - காத்தான்குடி | ஞாயிறு, இரவு 9.00

ஒன்பது வருடம் கட்டாரில் டிரைவர் வேலை. அங்கே குரூஸ் இல்லாமல் ஓடினால் கால் வீங்கும். 100, 120 இல் வைத்துவிட்டால் நேர்கோடு. பெற்றோலும் மிச்சம். நாட்டுக்கு வந்து ஹைபிரிட் ஒன்று எடுத்தேன். அதில் குரூஸ் வைத்தால் இறக்கத்திலும் வேகம் கூடுவதில்லை. அப்போ பொடியனின் காரில் ஏதோ பிழைதானே?

கராச் காக்கா | ஞாயிறு, இரவு 9.40

இல்லை நானா. ஹைபிரிட்டில் சில்லோடு ஒரு மோட்டார் சேர்ந்திருக்கிறது. இறக்கத்தில் அதையே ஜெனரேட்டராகத் திருப்பி, பற்றரியைச் சார்ஜ் பண்ணிக்கொண்டே காரைப் பிடித்து இழுக்கும். பிரேக் தேயாது, வேகமும் நிற்கும். பொடியனின் காரில் அந்த மோட்டார் இல்லை. நீள இறக்கத்தில் உங்கள் பற்றரி நிறைந்துவிட்டால் மேலே சார்ஜ் போட இடம் இருக்காது. அப்போது என்ஜினைச் சுற்ற வைத்துப் பிடிக்கும், திடீரென்று சத்தம் வரும். பலர் அதைப் பழுது என்று கொண்டுவருவார்கள்.

ஒலுவில் மாணவி | ஞாயிறு, இரவு 10.05

பெற்றோல் மிச்சம் என்பது இடத்தைப் பொறுத்தது. கட்டார் மாதிரி மட்டமான ரோட்டில் உண்மை, காலால் ஓட்டுகிறவர் அறியாமல் கூட்டிக் குறைப்பது நின்றுவிடும். பதுளை ரோட்டில் நல்ல டிரைவர் ஏற்றத்தில் வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார், இறக்கத்தில் எடுத்துக்கொள்வார். குரூஸ் விட்டுக்கொடுக்காது. அப்புறம், எந்த வேகத்தில் வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 80 இல் இருந்து 100 க்குப் போனால் காற்று ஒன்றரை மடங்குக்கு மேல் எதிர்க்கும். 100 இல் குரூஸ் வைத்து மிச்சம் பிடிப்பதைவிட 80 இல் காலால் ஓட்டினாலே மிச்சம்.

இரவு வான் | திங்கள், அதிகாலை 4.10

கொழும்பில் ஆட்களை இறக்கிவிட்டு இப்போதுதான் இதை வாசிக்கிறேன். கிழமைக்கு மூன்று தடவை மட்டக்களப்பு - கொழும்பு. அக்கரைப்பற்றான் சொன்னதைப் பலர் பகிடியாக எடுத்துவிட்டார்கள், நான் அவர் பக்கம். ஆனால் ஆடு, மாடு மட்டும் காரணம் இல்லை.

என் வானில் குரூஸ் இருக்கிறது. புணானை தாண்டி வெலிக்கந்தை, மன்னம்பிட்டி வரை ரோடு நேர், இரவு ஒரு மணிக்கு ஆளில்லை. வைத்துவிடச் சொல்லி ஆசை காட்டும். ஒருமுறை வைத்தேன். கால் சும்மா இருந்தது. கால் சும்மா இருந்தால் உடம்பும் தானாகத் தளரும். இரண்டு கண்ணும் திறந்திருக்கிறது, ஆனால் கடைசி இரண்டு கிலோமீற்றர் எப்படி வந்தது என்று தெரியவில்லை. முன்னால் ரோட்டோரத்தில் ஒரு கறுப்பு. யானை. லைட்டில் யானை பளபளக்காது, ரோட்டின் இருட்டில் இன்னும் கொஞ்சம் இருட்டாகத்தான் தெரியும். கால் தரையில் பின்னுக்கு இழுத்துக் கிடந்தது. அதைத் தூக்கிப் பிரேக்குக்குக் கொண்டுபோக எடுத்த நேரம் இருக்கிறதே... ஒன்றும் நடக்கவில்லை. ஹபரணையில் நிறுத்தி இரண்டு பிளேன்டீ குடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

எக்ஸிலேட்டரில் இருக்கிற கால் எப்போதும் பாதி வேலையில் இருக்கும். 70 இல் போகும்போது ஒரு செக்கனில் 19 மீற்றர் ஓடுகிறது, ஒரு பஸ்ஸின் நீளத்தைவிடக் கூட. அதனால் மின்னேரியா - ஹபரணைப் பக்கமோ புணானைப் பக்கமோ நான் வைப்பதில்லை. குருநாகல் - மீரிகம ஹைவேயில் மட்டும் வைப்பேன், அதுவும் கால் பிரேக்கின் மேல் நிழல் மாதிரி நிற்கும். லைட் இல்லாமல் வருகிற உழவு மெசின் அங்கே இல்லை. (வெல்லாவெளி அண்ணன் கோபிக்கக்கூடாது. உங்கள் பெட்டிக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் இரண்டு ஒட்டுங்கள்.)

வெல்லாவெளி வயல்காரன் | திங்கள், காலை 6.00

ஒட்டியிருக்கிறேன் தம்பி. வைக்கோல் ஏற்றினால் மறைந்துவிடுகிறது. அதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும்.

தோஹா - காத்தான்குடி | திங்கள், காலை 7.15

அதற்குத்தானே இப்போது ராடர் குரூஸ் வந்திருக்கிறது. முன்னால் என்ன நின்றாலும் தானாகப் பிரேக் பிடிக்கும். மாடு, யானை எல்லாம் பிரச்சினை இல்லை.

கராச் காக்கா | திங்கள், காலை 9.30

நானா, இந்த நம்பிக்கைதான் ஆபத்து.

ராடர் குரூஸ் முன்னால் போகிற வாகனத்தின் தூரத்தையும் வேகத்தையும் பார்த்து இடைவெளி விடுவதற்குச் செய்தது. பழைய சிஸ்டம்களில் ஒரு பெரிய கஷ்டம் இருக்கிறது. ரோட்டில் அசையாமல் நிற்பவை ஏராளம்: பாலக் கைப்பிடி, பெயர்ப்பலகை, மின்கம்பம். எல்லாம் ராடருக்குத் திருப்பி அடிக்கும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் பிடித்தால் கார் ஓடவே ஓடாது. அதனால் அசையாமல் நிற்பவற்றை அது பெரும்பாலும் கணக்கில் எடுக்காது. நடு ரோட்டில் படுத்திருக்கிற எருமையும் அந்தக் கணக்கில்தான் போகும். இப்போது வருகிற கார்களில் கமராவும் சேர்ந்து பார்க்கிறது, முன்னேற்றம் உண்மை. ஆனால் எங்கள் ஊர் மாடு திரும்புகிற கோணத்துக்கு எந்தக் கொம்பனியும் உத்தரவாதம் தரவில்லை. வாகனத்தோடு வருகிற புத்தகத்திலேயே எழுதியிருக்கும், எங்களில் யாருக்கும் ஜப்பான் பாஷை தெரியாது என்பதால் வாசிப்பதில்லை.

இன்னொரு விஷயம். பல கார்களில் ராடர் இருப்பது முன்பக்கச் சின்னத்துக்குப் பின்னால். போன வருடம் ஒரு வாகனம் "ராடர் பிழை" என்று லைட் எரிந்துகொண்டு வந்தது. ஸ்கேன் போட்டேன், எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால் மாமாங்கத்தில் பூசை செய்து போட்ட ஜிகினா மாலை அப்படியே சின்னத்தின் மேல் தொங்குகிறது. ஜிகினா மினுக்கம் ராடரைத் திருப்பி அடிக்கும். மாலையைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினோம், பிள்ளையாருக்கும் மரியாதை, ராடருக்கும் வழி. அதேபோல முன் கண்ணாடி மாற்றினால் கமராவைத் திரும்ப அளந்து சரிசெய்ய வேண்டும். கண்ணாடி ஒட்டுகிற எல்லோரும் இதைச் சொல்வதில்லை.

அக்கரைப்பற்றான் | திங்கள், காலை 10.02

மழையை விட்டுவிட்டீர்கள். கார்த்திகை, மார்கழியில் ரோட்டில் தண்ணீர் நிற்கும்போது குரூஸ் வைத்தால் டயர் தண்ணீரில் மிதந்து கார் பறக்கும் என்று ஒரு மெசேஜ் சுற்றுகிறது. உண்மையா?

ஒலுவில் மாணவி | திங்கள், பகல் 12.20

பறக்காது. மழையில் வைக்கக்கூடாது என்பது மட்டும் உண்மை, அந்த மெசேஜ் சொல்கிற காரணம் பிழை.

குரூஸ் பார்ப்பது சில்லு சுற்றும் வேகத்தை. பிடி விட்டு இழுவைச் சில்லு வேகமாகச் சுற்றினால், வேகம் கூடிவிட்டது என்று நினைத்துத் துரொட்டிலை மூடத்தான் பார்க்கும். பல கார்களில் சறுக்கலைக் கண்டவுடன் குரூஸ் தானாகவே விட்டுவிடும். பிரச்சினை அதற்கு முந்தின கணத்தில் இருக்கிறது. தேங்கிய தண்ணீரில் சில்லு இறங்கியதும் தண்ணீர் காரைப் பின்னால் பிடிக்கும். மனிதர் என்றால் அந்த இழுவை உடம்பில் பட்டவுடன் காலைத் தளர்த்துவார். குரூஸுக்கு அது வெறும் வேகக் குறைவு. ஏற்றம் வந்துவிட்டது போலும் என்று இன்னும் கொஞ்சம் திறந்துவிடும். டயர் பிடி விடப்போகிற நேரத்தில் கூடுதல் இழுவை. அதுதான் கூடாது.

படுவான்கரைப் பொடியன் | திங்கள், இரவு 8.15

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேலை, அதனால் தாமதம்.

காக்கா கேட்டவை: தட்டிப் பார்த்தது 60 இல்தான். ஹோன் அடிக்கிறது. எயார்பேக் லைட் இல்லை. வெள்ளிக்கிழமை வாழைச்சேனையில் இருந்து வரும்போது பின்னால் வந்த லொறிக்காரன் செங்கலடி வரைக்கும் லைட் அடித்துக்கொண்டே வந்தான். முந்த வழி கேட்கிறான் என்று ஒதுங்கிக் கொடுத்தேன், முந்தவும் இல்லை. என்ன மனிதன் என்று ஏசிக்கொண்டு வந்தேன்.

கராச் காக்கா | திங்கள், இரவு 8.19

தம்பி, காரைச் சுவரோரம் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இப்பவே வெளியே போய்ப் பின்னால் பாருங்கள்.

படுவான்கரைப் பொடியன் | திங்கள், இரவு 8.31

காக்கா!! சுவர் முழுக்கச் சிவப்பு. பிரேக் லைட் மூன்றும் எரிகிறது. கார் ஓஃப், சாவி என் கையில்.

கராச் காக்கா | திங்கள், இரவு 8.50

லொறிக்காரனிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவன் உங்களுக்குச் சொல்லத்தான் பார்த்திருக்கிறான். பற்றரியும் பழசு இல்லை, இரவு முழுக்க லைட் குடித்திருக்கிறது.

பிரேக் மிதிக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கும். மிதி மேலே இருக்கும்போது சுவிட்சின் முனையை அமத்தி வைத்திருக்கும். மிதித்தால் முனை வெளியே வரும், லைட் எரியும். பெரும்பாலும் அதே சுவிட்சுக்குள் எதிர்மாறாக வேலை செய்கிற இன்னொரு தொடுப்பும் உண்டு, அது குரூஸை வெட்டுவதற்கு. ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றட்டும் என்றுதான் இரண்டு. உங்கள் கார் இப்போது நீங்கள் எந்த நேரமும் பிரேக் மிதித்துக்கொண்டு இருக்கிறீர்கள் என்று நம்புகிறது. பிரேக்கில் கால் இருக்கிறவனுக்குக் குரூஸ் கொடுக்குமா? கொடுக்காது, கொடுக்கவும் கூடாது. தடியில் பிழை இல்லை.

சுவிட்சை மாற்ற முதல் ஒன்று பாருங்கள். மிதியின் தகட்டில் சுவிட்ச் முனை முட்டுகிற இடத்தில் ஒரு ஓட்டை, அதில் சின்ன பிளாஸ்டிக் ஸ்டொப்பர் இருக்கும். பழைய கார்களில் அது வெயிலுக்குக் காய்ந்து நொறுங்கிவிடும். நொறுங்கினால் முனை ஓட்டைக்குள்ளால் வெளியே வந்துவிடும். காலடி விரிப்பில் துண்டு துண்டாக ஏதாவது கிடந்ததா?

படுவான்கரைப் பொடியன் | திங்கள், இரவு 9.25

கிடந்தது. போன கிழமை கூட்டி எறிந்தேன். மகள் பிஸ்கட் சாப்பிட்டுக் கொட்டியது என்று அவளுக்கு ஏச்சும் விழுந்தது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன ஓட்டை வெறுமையாக இருக்கிறது. ஒரு சின்ன போல்ட்டை நட் போட்டு இறுக்கிவிட்டேன், தலை சுவிட்சின் பக்கம். லைட் அணைந்துவிட்டது. நாளைக்குக் காலை ஊறணி தாண்டினதும் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கராச் காக்கா | திங்கள், இரவு 9.33

போல்ட் இரண்டு நாளைக்குத்தான். இரும்பு முட்டி முட்டிச் சுவிட்சின் முனை தேயும். சரியான ஸ்டொப்பர் ஒரு பிளேன்டீக் காசுதான், பார்ட்ஸ் கடையில் சொன்னால் தருவார்கள். ஓடிப் பார்க்க முதல் மிதித்தால் லைட் எரிகிறதா, விட்டால் அணைகிறதா என்று ஆளை வைத்துப் பாருங்கள்.

படுவான்கரைப் பொடியன் | செவ்வாய், காலை 7.50

மகளைப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன். மிதித்தால் எரிகிறது, விட்டால் அணைகிறது. ஏறாவூர் போகிற வழியில் 50 இல் வைத்தேன், பிடித்தது. நாய் ஒன்று குறுக்கே வந்தது, பிரேக் தொட்டேன், விட்டது. பிறகு வைக்கவில்லை.

பிஸ்கட் ஏச்சுக்கு மகள் இப்போது ஐஸ்கிரீம் கேட்கிறாள்.

அக்கரைப்பற்றான் | செவ்வாய், காலை 7.58

நாய். நான் சொன்ன பட்டியலில் நாயை விட்டுவிட்டேன்.